எடுக்கக்கூடாத மணி

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டுகிற நேரத்தில் ஹஃப்ஸா வீட்டு டெலிபோன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றுவிடும். அதை யாரும் எடுக்கக் கூடாது. தெரியாத்தனமாக விருந்தாளி யாராவது கையை நீட்டினால்கூட மாமியார் ஆஸியா பீவி அதட்டிவிடுவார். அந்த மணி எடுத்துப் பேசுவதற்கானது அல்ல, கேட்டுக்கொள்வதற்கானது.

ஹஃப்ஸாவின் புருஷன் அஜ்மீர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தான். நடுக்கடலில் இருக்கும்போது கப்பலின் சாட்டிலைட் போனில் வீட்டு நம்பரைப் போடுவான். அங்கே ஒரு தடவை மணி அடிக்கிற சத்தம் காதில் விழுந்ததும் வைத்துவிடுவான். பேசினால்தானே காசு? அவன் நன்றாக இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். லைன் இருக்கிறது, வீடு நிற்கிறது என்று அவனுக்கும் தெரிந்துவிடும். இங்கேயிருந்து கப்பலுக்குப் போட வழி கிடையாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு மணி, அதுதான் இரண்டு பேருக்கும் சாப்பாடு மாதிரி.

இந்தப் பழக்கம் சுனாமிக்குப் பிறகு வந்தது. அன்றைக்கு அவன் ஒரு துறைமுகத்திலிருந்து எத்தனை தடவை போட்டும், 'இந்தத் தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன' என்று ஒரு பெண் குரல்தான் சொல்லிக்கொண்டே இருந்ததாம். டிவியில் அவர்கள் ஊர் காரைக்கால் என்று எழுத்து ஓடுகிறது, பக்கத்துக் குப்பம் கிளிஞ்சல்மேடு என்று எழுத்து ஓடுகிறது, வீட்டில் யார் மிச்சம் என்று தெரியவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஹஃப்ஸாவும் மாமியாரும் பள்ளிவாசல் மாடியில் சுகமாக இருந்தார்கள் என்பது அவனுக்கு யார் சொல்வது? ஒருவழியாக லைன் கிடைத்து மணி அடித்தபோது, அவள் எடுப்பதற்கு முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டான். "மணி அடிச்சதே போதும்டி. வூடு நிக்குதுன்னு தெரிஞ்சிடுச்சு" என்றான். அன்றிலிருந்து ஒற்றை மணி.

அப்பேர்ப்பட்ட மணியைத்தான் ஹஃப்ஸா தன் கையாலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. வீட்டு இன்டர்நெட் அந்த டெலிபோன் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அஜ்மீர் துறைமுகத்தில் இறங்கினால் ஏதாவது நெட் சென்டருக்குப் போய் கேமரா முன்னால் உட்காருவான். இங்கே மகள் ஷமீமா கம்ப்யூட்டருக்கு முத்தம் கொடுப்பாள். இரண்டு தூறல் விழுந்தால் போதும், கம்பிக்கு ஜன்னி கண்டுவிடும். படம் நின்றுவிடும். போன தடவை அவன் வாயைத் திறந்தபடியே நின்றுபோனான். என்ன சொல்ல வந்தான் என்று தெரியாமலே அந்தப் பேச்சு முடிந்தது. பிள்ளை ஒரு வாரம் அந்தத் திறந்த வாயை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேபிள் டிவி கலைவாணன் புதிதாக கேபிள் இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்திருந்தான். நல்ல பிள்ளை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

"மழை பேஞ்சா நிக்குமா?"

"நிக்கவே நிக்காதுங்க."

"எப்ப குடுப்பீங்க?"

"நீங்க பழசை விட்டுட்டு வாங்கக்கா, மறுநாளே வந்து மாட்டிடறேன்."

"நம்பரு மாறாதுல்ல?"

"அதெல்லாம் மாறாதுங்க."

எந்த நம்பரைக் கேட்டாள் என்று அவன் யோசிக்கவில்லை. எந்த நம்பரைச் சொன்னான் என்று அவளும் கேட்கவில்லை. நம்பரை மாற்றாமலேயே செல்போன் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம், சீக்கிரம் வரப்போகிறது என்று அந்த நாட்களில் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதையும் இதையும் முடிச்சுப் போட்டு, நம்பர் தன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி நடந்து வந்துவிடும் என்று ஹஃப்ஸா நம்பிவிட்டாள். புதிய அடுப்பு பற்றுகிறதா என்று பார்க்காமல் பழைய அடுப்பை யாராவது விற்பார்களா? அவள் விற்றாள். மார்க்கெட்டுக்குப் போகிற வழிதானே என்று மோடத்தையும் டெலிபோனையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், டெலிபோன் ஆபீஸில் சரண்டர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்படியே கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த துறைமுகத்தில் அவன் இறங்கும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், பிள்ளை பாவாடை கட்டிச் சுற்றுவதை அவன் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வேறொன்றும் இல்லை.

அன்று மஃரிப் முடிந்தது. பாயைச் சுருட்டினாள். வீடு அமைதியாக இருந்தது. டெலிபோன் இருந்த ஸ்டூல் மேல் பின்னல் துணி மட்டும் கிடந்தது.

"மணி அடிக்கலையே?" என்றார் ஆஸியா பீவி.

"நாளைக்கு புதுசு வந்துடும் மாமி. அதுல அடிக்கும்."

மறுநாள் கலைவாணன் வரவில்லை, மழைதான் வந்தது. கேட்டால் "போஸ்ட்டுல கேபிள் இழுக்கணும்க்கா, மழை விடட்டும்" என்றான். அதற்கடுத்த நாளும் மழை. ஒருநாள் வந்து சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் போனான். அந்த ஓட்டை வழியாக எறும்பு வந்தது, இன்டர்நெட் வரவில்லை.

அவனைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, புது டெலிபோன் எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"டெலிபோனா? இதுல நெட்டு மட்டுந்தாங்க வரும்."

"நம்பரு மாறாதுன்னீங்களே?"

"உங்க செல் நம்பரைக் கேக்கறீங்கன்னு நெனச்சேங்க."

அந்தச் செல்லே கலைவாணனுக்காக வாங்கியதுதான். கம்ப்ளைன்ட் சொல்ல ஒரு செல் நம்பர் வேண்டும் என்று அவன் சொன்னதால் ஹஃப்ஸாவின் அண்ணன் தன் பழைய செட்டில் புது சிம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நம்பர் அஜ்மீருக்குத் தெரியாது. அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனுக்கு மெயில் போட்டிருந்தாள். ஆனால் கப்பலில் மெயில் ஏது? துறைமுகம் வந்தால்தான் அவன் அதைப் பார்ப்பான். அந்தத் துறைமுகத்துக்கு முன்னால் ஏடன் வளைகுடா இருந்தது. அவன் புறப்படும்போதே சொன்னது, ஏடன் பக்கம் கொள்ளைக்காரன் நடமாட்டம் அதிகம், தாண்டுகிற வரைக்கும் துஆ செய்துகொண்டே இரு என்று.

அவள் தன் வீட்டு நம்பரைத் தானே அடித்தாள். 'நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது அந்தக் குரல். சுனாமி அன்று அவனுக்குப் பதில் சொன்ன அதே பெண் குரல்தான். இத்தனை நாளும் மஃரிப் ஆனதும் அஜ்மீர் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

டெலிபோன் ஆபீஸுக்கு ஓடினாள். "குடுத்தது குடுத்ததுதாம்மா. அந்த நம்பரு வேற ஆளுக்குப் போயாச்சு. வேணும்னா புதுசா அப்ளை பண்ணுங்க, வேற நம்பரு வரும்" என்றார்கள். வேற நம்பரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். கப்பல் கம்பெனி பேப்பரில் இருப்பதும் அதுதான். மாமனார் மௌத்தாகும்வரை வைத்திருந்த நம்பர், அவருக்குப் பிறகும் அழியாமல் இருந்த நம்பர், அதை இவள் கத்தரிக்காய் வாங்கப் போகிற வழியில் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஹஃப்ஸா பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

"அடிச்சிச்சா?" என்று ஆஸியா பீவி கேட்பார்.

"செல்லுல அடிச்சிச்சு மாமி. நீங்க தஸ்பீஹ் ஓதிக்கிட்டு இருந்தீங்க."

அல்லாவுக்கு அடுத்தபடி மருமகளை நம்புகிற மனுஷி, தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். ஹஃப்ஸாதான் போட்ட சோற்றைத் தொடாமல் அடுப்படியில் நிற்பாள். பயம் ஒரு வேளையில்தான் வரும் என்று யார் சொன்னது? காலையில் பல் விளக்கும்போதும் வந்தது. பிள்ளைக்குத் தலை சீவும்போதும் வந்தது.

ஒரு மத்தியானம் டிவியின் அடியில் எழுத்து ஓடியது. ஏடன் வளைகுடாவில் நேற்று முன்தினம் இரவு சரக்குக் கப்பல் கடத்தல், இந்திய மாலுமிகள் சிலர் இருப்பதாகத் தகவல். கப்பல் பெயர் போடவில்லை. ஹஃப்ஸா அதை முழுதாகப் படிப்பதற்குள் அது ஓடிவிட்டது. மறுபடி சுற்றி வருகிறவரை, மழையால் வெங்காய விலை ஏறியதையும் எங்கேயோ பஸ் கவிழ்ந்ததையும் படித்துக்கொண்டு நின்றாள். மறுபடி வந்தது. அதேதான். டிவியை அணைத்தாள். மாமியார் பார்க்கக் கூடாது என்று பிளக்கையும் பிடுங்கிவிட்டாள்.

அஜ்மீரை ஏற்றிவிட்ட சென்னை ஏஜென்ட் ஆபீஸுக்கு மாடியில் நின்று போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். "எந்தக் கப்பல்னு எங்களுக்கே இன்னும் கன்ஃபார்ம் ஆகலைங்க மேடம். ஏதாவது இருந்தா உங்க வீட்டு நம்பருக்குக் கட்டாயம் சொல்லுவோம்."

"அந்த நம்பரு இப்ப இல்லைங்க."

"இல்லைன்னா?"

"மாத்திட்டோம்ங்க. நெட்டு மாத்தும்போது..."

புது நம்பரைச் சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னபோது இரண்டு எண் இடம் மாறியிருந்தது. மறுபடி சொன்னாள். சரியாக எழுதிக்கொண்டாளா என்று ஹஃப்ஸாவுக்கு அதற்குப் பிறகும் நம்பிக்கை இல்லை. ஒருவேளை அவர்கள் ஏற்கெனவே அந்தப் பழைய நம்பருக்குச் சொல்லியிருந்தால்? யாரோ ஒருவர் வீட்டில், யாருக்கோ வந்த செய்தி என்று ராங் நம்பர் சொல்லி வைத்திருந்தால்?

இந்த நினைப்பு வந்ததும் அவள் பழைய நம்பரை மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை அந்தக் குரல் வரவில்லை. மணி அடித்தது. தன் வீட்டு மணி, வேறு யாருடைய வீட்டிலோ.

"யாரு?" என்று ஒரு பெண் கத்தினாள். ஏலத்தில் விலை கேட்டுப் பழகிய குரல். பின்னால் இரைச்சல்.

"நான் டவுன்லேர்ந்து பேசறேங்க. இந்த நம்பரு முன்னாடி எங்க வூட்டு நம்பரு. இதுக்கு யாராவது போன் பண்ணாங்களா? சென்னையிலேர்ந்து, கப்பல் கம்பெனியிலேர்ந்து?"

"கம்பெனிக்காரன் எவனும் பண்ணல. ஆனா ஒரு தறுதலை பண்ணுனான். தெனம் வெளக்கேத்துற நேரத்துக்கு ஒரே ஒரு மணி. ஓடியாறதுக்குள்ள வச்சுருவான். எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு, நானும் பொம்பளப் புள்ளயும் தனியா கெடக்குறோம். பயமா இருக்குமா இருக்காதா?"

ஹஃப்ஸா செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "தெனமுமா?"

"எனக்கு லைன் குடுத்த நாள்லேர்ந்து. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். முந்தாநாளு போன் பக்கத்துலயே குந்திக்கிட்டு, அடிச்ச ஒடனே எடுத்து, அவன் வாயத் தொறக்குறதுக்குள்ள கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். அதோட நின்னுபோச்சு. நேத்து அடிக்கல."

முந்தாநாள். டிவியில் சொன்ன கப்பலைப் பிடித்ததும் முந்தாநாள் இரவுதான்.

அவன் உயிரோடு இருந்து, ஒரு பெண் திட்டினாள் என்று மணியை நிறுத்திவிட்டானா? இல்லை, நிறுத்தியது அந்தக் கொள்ளைக்காரர்களா? "அது எங்க வூட்டுக்காரருங்க. கப்பல்ல இருக்காரு. நல்லா இருக்கேன்னு சொல்லத்தான் அந்த ஒரு மணி. அக்கா, உங்க வூடு எங்கங்க?"

மறுபடி வந்தபோது அந்தக் குரல் ஏலக்குரலாக இல்லை. "காரைக்கால்மேடு. கனகம் வூடுன்னு கேளு, யாரும் சொல்லுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துடு தங்கச்சி."

அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள். கனகத்தின் வீடு கடலைப் பார்த்த தெருவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. வாசலில் வலை குவிந்திருந்தது. மகள் வினிதா கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று புதிதாக வாங்கிய மோடம் சாமிப் படத்துக்குக் கீழே விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் புது டெலிபோன். ஹஃப்ஸா உதறிவிட்டு வந்ததை இவர்கள் பொட்டு வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஊதாரி தன் பண்டத்தை அடுத்தவர் வீட்டில் பார்ப்பது மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்று கனகம் மறுபடி மறுபடி சொன்னாள். "தெரிஞ்சிருந்தா அந்த மாதிரி பேசியிருப்பனா? என் வூட்டுக்காரரும் கடல்லதான் கெடக்குறாரு."

"நீங்க என்ன செய்வீங்கக்கா. நான்தான் குடுத்துட்டேன்."

டவுன் பள்ளிவாசல் பாங்கு இவ்வளவு தூரம் கேட்காது. வெளிச்சம் மங்குவதைப் பார்த்து, கனகம் விரித்துக் கொடுத்த துவைத்த சேலையின் மேல் நின்று ஹஃப்ஸா தொழுதாள். ஓதியது எது, விட்டது எது என்று அவளுக்கே தெரியவில்லை. கனகம் விளக்கை ஏற்றினாள். வினிதா டிவியை அணைத்தாள். மூன்று பேரும் அந்த டெலிபோனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அடிச்சா யாரும் தொட்டுராதீங்க" என்றாள் ஹஃப்ஸா.

ஜன்னலுக்கு வெளியே அலை விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை அருகில் கடலைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. டவுனில் அவர்கள் வீட்டுக்கு அலைச் சத்தம் எட்டாது. இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கமான நேரம் வந்தது, போனது. அடிக்கவில்லை. கனகம் அவள் முகத்தைப் பார்க்காமல் திரியைத் தூண்டினாள். அடிக்கவில்லை. அல்லாவே, அந்த மனுஷனை விட்டுவிடு, நான் எந்தக் கம்பியையும் இனி மாற்ற மாட்டேன், நின்ற படத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று குழந்தை மாதிரி பேரம் பேசினாள் ஹஃப்ஸா.

மணி அடித்தது.

ஒன்று. நின்றுவிட்டது.

"நான் தொடல" என்றாள் கனகம், இரண்டு கையையும் தூக்கிக் காட்டி.

ஹஃப்ஸா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருக்கிறான். கையும் விரலும் உள்ள மனுஷனாக எங்கேயோ இருக்கிறான். வினிதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் ஆரம்பித்தாள்.

அப்போது மணி மறுபடி அடித்தது.

ஒருநாளும் அது இரண்டாவது தடவை அடித்ததில்லை. அடித்தால் என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒன்று என்றால் நலம். நிற்காமல் அடித்தால்? வேறு யாராவது அவன் கையிலிருந்து பிடுங்கி அடிக்கிறார்களா? பக்கத்தில் துப்பாக்கியோடு எவனாவது நிற்கிறானா? மணி நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. கனகம் அவளைப் பார்த்தாள். ஹஃப்ஸா கையை நீட்டினாள். தன் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக மஃரிப் மணியை எடுத்தாள். காதில் வைத்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அஜ்மீரின் குரல் வந்தது. அன்னியப் பெண்ணிடம் பேசுகிற குரல், கெஞ்சுகிற குரல்.

"அம்மா, வச்சுடாதீங்க. திட்டணும்னா திட்டிக்குங்க. நேத்து அடிக்கக் கை வரலம்மா, அதான் அடிக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது எங்க வூட்டு நம்பரு. கொஞ்ச நாளா லைனே இல்ல. அப்பறம் நீங்க எடுத்தீங்க, பின்னால அலை சத்தம் கேட்டிச்சு. எங்க வூட்டுல அலை கேக்காதும்மா." அவன் மூச்சை இழுத்தான். "மறுபடி கடல் ஏறிடுச்சா? எங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

அவன் இருக்கிறானா என்று இவள் செத்துக்கொண்டிருந்த நாளெல்லாம், இவள் இருக்கிறாளா என்று அவன் அங்கே செத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இருக்கோம் மச்சான்" என்றாள் ஹஃப்ஸா. குரல் உடைந்து, மறுபடி சொன்னாள். "எல்லாரும் இருக்கோம். மாமி இருக்காங்க, புள்ள இருக்கு. கடல் அங்கயேதான் இருக்கு. நான்தான் லைனை மாத்தப் போயி..."

லைன் எப்படிப் போனது என்று அவன் கேட்கவில்லை. கடத்தப்பட்ட கப்பலைப் பற்றி இவளும் கேட்கவில்லை. இன்ஜின் ரூம் ஆள், அத்தனை பெரிய கப்பலில், மற்றவர்கள் பார்க்க நின்றுகொண்டு அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஹஃப்ஸாவின் மடியில் கிடந்த செல் அப்போது பார்த்து அடித்தது. கலைவாணன். நெட் வந்துவிட்டது என்று சொல்லத்தான் இருக்கும். கனகம் அதை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். பேசப் பேசக் காசு ஓடிக்கொண்டிருந்தது. அவன் வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை.